கையில் நான்கு நாள், எதிரே மூன்று தீவுகள்: கோரேயா, குண்டா கிண்டேயா, பன்ஸா?

என் சித்தப்பா மகன் வேலை விஷயமாக செனகல் போகிறான். தலைநகர் டக்காரில் மூன்று நாள் கூட்டம். அது முடிந்ததும் நான்கு நாள் அவன் கையில் இருக்கிறது. "அண்ணே, அடிமைகள ஏத்தி அனுப்புன தீவு ஒண்ணு அங்க இருக்காம்ல, அதப் பாத்துட்டு வரணும்னு இருக்கேன். தேடுனா மூணு தீவு வருது. எதுக்குண்ணே போறது?" என்று போனில் கேட்டான். டக்காரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். மூன்று தீவுகளுக்கும் போய்வந்திருக்கிறேன். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு யாராவது கிளம்பினால் அவர்களுக்கும் ஆகும்.

முதல் தீவு கோரே. டக்கார் துறைமுகத்துக்கு எதிரே, கடலில் மூன்றரை கிலோமீட்டர் தூரம். இரண்டாவது, பக்கத்து நாடான காம்பியாவில், காம்பியா ஆற்றின் நடுவே இருக்கும் குண்டா கிண்டே தீவு. 2011 வரை அதற்கு ஜேம்ஸ் தீவு என்று பெயர். மூன்றாவது பன்ஸ் தீவு. சியரா லியோன் நாட்டுத் தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து ஆற்றோடு மேலே சுமார் 30 கிலோமீட்டர் படகில் போக வேண்டும். மூன்றுமே சின்னஞ்சிறியவை. அவற்றில் பெரிய கோரேயே 28 ஹெக்டேர்தான், நம் கணக்கில் 70 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பன்ஸ் அரை கிலோமீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம். குண்டா கிண்டேயைச் சில நிமிடங்களில் சுற்றி வந்துவிடலாம்.

இவ்வளவு சின்ன இடங்களை ஐரோப்பியர் ஏன் தேடிப் பிடித்தார்கள்? கரையிலே ஆண்டவர்கள் ஆப்பிரிக்க அரசர்கள். அவர்களுக்கு வரி கட்டி, வெகுமதி கொடுத்துத்தான் வெள்ளைக்காரக் கம்பெனிகள் காலூன்ற முடிந்தது. நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த இடம் என்றால் தாக்குவது கடினம், பிடித்து வைத்தவர்கள் தப்புவதும் கடினம், ஆழமான பக்கத்தில் கப்பலையும் நிறுத்தலாம். நானூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் வழியாக ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அக்கரையில் உயிரோடு இறங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம். கப்பல் கம்பெனிகளின் பதிவேடுகளை வைத்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இது. நடுவிலே காணாமல் போன பதினெட்டு லட்சம் பேருக்கு எந்தத் தீவிலும் கல்லறை கிடையாது.

மூன்றில் எது என்று முடிவெடுக்க, தூரமும் செலவும் மட்டும் தெரிந்தால் போதாது என்று தம்பியிடம் சொன்னேன். ஒவ்வொரு தீவிலும் ஒரு கதை சொல்வார்கள். அதில் எது ஆவணத்தில் இருப்பது, எது மக்கள் மனதில் வளர்ந்தது என்று தெரிந்துகொண்டு போனால், நின்று பார்க்கிற இடத்தின் கனம் கூடும். தெரியாமல் போய்ப் பிறகு எங்காவது படித்தால், ஏமாந்துவிட்டோமோ என்ற எரிச்சல்தான் வரும். எனக்கு கோரேயில் அப்படித்தான் ஆனது.

கோரேக்குப் போவது மிகச் சுலபம். நீங்கள் இறங்கும் விமான நிலையத்தின் பெயரே பிளேஸ் தியாஞ். கோரேயில் 1872-இல் பிறந்தவர். 1914-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர். டக்கார் துறைமுகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி டிக்கெட் எடுத்தால் இருபது நிமிடத்தில் தீவு. வெளிநாட்டவருக்குப் போக வர சுமார் 5,000 சிஎஃப்ஏ, அதாவது எட்டு யூரோ அளவில். தீவில் இறங்கியதும் சிறு வரி ஒன்று தனியாக உண்டு. ஒரு படகுக்கு கும்பா காஸ்தெல் என்று பெயர். தீவைக் காக்கும் நீர்த்தேவதையாக அங்குள்ளவர்கள் நம்புகிற காவல் தெய்வம் அவள். நம் ஊரில் எல்லைச்சாமி பெயரை லாரி நெற்றியில் எழுதுவது போலத்தான் எனக்குப் பட்டது.

தீவில் கார் கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது. மணல் தெருக்கள், காவியும் இளஞ்சிவப்பும் பூசிய பழைய வீடுகள், சுவருக்கு மேலே வழியும் காகிதப்பூ. முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு மனம் குழம்பும். இவ்வளவு அழகான இடத்திலா என்று. போர்த்துகீசியர் 1444-இல் வந்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர்கள் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. 1677-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பிறகு, நடுநடுவே ஆங்கிலேயர் பிடித்த சில ஆண்டுகள் தவிர, 1960-இல் செனகல் விடுதலை பெறும்வரை அவர்களிடமே இருந்தது. 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற முதல் பன்னிரண்டு இடங்களில் கோரேயும் ஒன்று.

எல்லோரும் பார்க்கப் போவது அடிமைகள் இல்லம். 1770-களில் கட்டிய மாடி வீடு. குதிரை லாடம் போல இருபுறமும் வளைந்து ஏறும் படிக்கட்டு. மேலே விசாலமான கூடம், கடற்காற்று. கீழே, படிக்கட்டுக்கு அடியில், இருட்டறைகள். ஆண்களுக்கு, பெண்களுக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனியாக. ஓர் அறை இரண்டரை மீட்டர் சதுரத்துக்குச் சற்று மேல். அதில் பதினைந்து இருபது பேரை அடைத்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இந்த அறைகளுக்கு நடுவே ஒரு குறுகிய நடை. அதன் கோடியில் கடலைப் பார்த்த ஒரு வாசல். திரும்பி வர முடியாத வாசல் என்று பெயர். வெளிச்சம் அந்த வாசல் வழியாக மட்டும்தான் உள்ளே வருகிறது.

இந்த வீட்டை உலகம் அறியச் செய்தவர் பூபக்கர் ஜோசஃப் என்தியாய். 1922-இல் பிறந்து 2009-இல் மறைந்தவர். பல பத்தாண்டுகள் காப்பாளராக இருந்து, வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் நின்று கதை சொன்னவர். இந்த வாசல் வழியாகக் கோடிக்கணக்கானவர்கள் போனார்கள் என்றார். வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. பிலிப் கர்டின் போன்றவர்கள் கப்பற்பதிவுகளை எடுத்துப் பார்த்து, கோரேயிலிருந்து போனவர்கள் சில பத்தாயிரம் பேர்தான் என்றார்கள். செனகல் பகுதியிலேயே செயின்ட் லூயியும் காம்பியா ஆறும்தான் பெரிய வழிகள் என்றார்கள். அந்த வாசலுக்குக் கீழே பாறைகள். கப்பலோ பெரிய படகோ அணைய வழியில்லை. அந்த வீடு பெப்பின் குடும்பத்துடையது. அங்கே அடைபட்டவர்கள் பெரும்பாலும் வீட்டு அடிமைகளாகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1990-களில் இது பெரிய சண்டையாகவே நடந்தது.

என் முதல் பயணத்துக்குப் பிறகு இதைப் படித்தபோது மனம் கசந்துவிட்டது. கண் கலங்கி நின்ற வாசல் வெறும் குப்பை கொட்டும் வாசலாக இருந்திருக்குமோ என்று தோன்றியது. இரண்டாம் தடவை போனபோதுதான் வேறொன்று உறைத்தது. அந்த வீட்டை ஆண்டவர்கள் சின்யார்கள். ஆப்பிரிக்கத் தாய்க்கும் ஐரோப்பியத் தந்தைக்கும் பிறந்த வணிகப் பெண்கள். செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்கள். தீவில் அன்று வாழ்ந்தவர்களில் பெரும்பகுதி அவர்களிடமும் மற்றவர்களிடமும் அடிமைப்பட்டிருந்த மக்கள். தண்ணீர் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், பிள்ளை தூக்கியவர்கள். அவர்கள் கப்பல் ஏறாமல் அந்த இருட்டறையிலேயே ஆயுளைக் கழித்தார்கள் என்றால், அந்த அறை சொல்லும் துயரம் எந்த விதத்தில் குறைவு? மேலே விருந்து, கீழே மனிதர்கள். எண்ணிக்கை எதுவானாலும் அந்தப் படிக்கட்டு பொய் சொல்லவில்லை.

1992-இல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து கிறிஸ்தவர்களின் பங்குக்காக மன்னிப்பு வேண்டினார். 1991-இல் நெல்சன் மண்டேலா வந்திருந்தார்; சிறையிலிருந்து வந்து ஒன்றிரண்டு வருடம்கூட ஆகவில்லை. அடம்பிடித்த அடிமைகளை அடைத்ததாகச் சொல்லும் பொந்துக்குள் அவர் குனிந்து போய் உட்கார்ந்திருந்தார் என்று தீவில் இன்றும் சொல்கிறார்கள். இத்தனை பேர் அழுத இடம் என்பதாலேயே அதற்கு ஒரு வரலாறு உண்டாகிவிட்டது. குலதெய்வக் கோயிலில் கல்வெட்டு இல்லை என்பதால் நாம் கும்பிடாமல் வருகிறோமா?

இன்னொரு காரணமும் உண்டு, அது நமக்கே உரியது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து கறுநீலத் துணி கப்பல் கப்பலாக செனகலுக்குப் போனது. நம் நெசவாளிகள் நெய்து, அவுரியில் திரும்பத் திரும்பத் தோய்த்தெடுத்த முரட்டுப் பருத்தித் துணி. பிரெஞ்சுக்காரர் அதை கினே என்று அழைத்தார்கள். செனகல் ஆற்றங்கரையில் அது பணம் போலவே புழங்கியது. பிசின் வாங்க அதைத்தான் அளந்து கொடுத்தார்கள். அதற்கு முன்பு இந்தியப் பருத்தித் துணிகளைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். தறியில் உட்கார்ந்தவனுக்கு அந்தத் துணி எங்கே போகிறது, எதற்கு ஈடாகப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம் கரையிலும் இதே வியாபாரம் நடந்திருக்கிறது: பதினேழாம் நூற்றாண்டில் பஞ்ச காலங்களில் பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கம்பெனி ஆட்களை வாங்கி பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பியது. கோரேயின் வாசலில் நிற்கும்போது எனக்குப் பழவேற்காடு நினைவுக்கு வந்தது. அங்கே டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. அனுப்பப்பட்டவர்களுக்கு நான் பார்த்தவரை ஒரு கல் இல்லை.

கோரேக்குள்ளேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: பகலில் போய்த் திரும்புவதா, இரவு தங்குவதா? தங்குங்கள் என்பேன். பதினொரு மணிப் படகில் போனால் உங்களோடு முந்நூறு பேர் இறங்குவார்கள். இறங்குமுன்பே மணி விற்பவர்கள், வழிகாட்டிகள் சூழ்ந்துகொள்வார்கள். அந்த நடையின் கோடி வாசலில் படம் எடுக்க வரிசை நிற்கும். அங்கே யாரும் அமைதியாக நிற்க முடியாது. மாலைப் படகுகள் கிளம்பிய பிறகு தீவு இரண்டாயிரத்துக்கும் குறைவான அதன் மக்களிடம் திரும்புகிறது. பிள்ளைகள் துறையருகே கடலில் குதித்து நீந்துகிறார்கள். அக்கரையில் டக்காரின் விளக்குகள். சிறிய விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. முன்பதிவு செய்துவிட வேண்டும். காலை முதல் படகு கூட்டத்தைக் கொண்டு வருவதற்குள் அடிமைகள் இல்லத்து வாசலில் போய் நின்றுவிடலாம். திங்கட்கிழமை அது மூடியிருக்கும். இந்த ஒன்று தெரியாமல் போய் ஏமாந்து திரும்பியவர்கள் பலர்.

மீதி நேரத்தில் வடகோடியில் இருக்கும் டெஸ்த்ரே கோட்டை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். தீவின் வரலாறு அங்கேதான் ஒழுங்காக இருக்கிறது. வில்லியம் பொந்தி ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இயங்கிய கட்டடமும் இங்கேதான். பின்னாளில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளை விடுதலைக்கு இட்டுச் சென்ற தலைவர்களில் சிலர் படித்த பள்ளி. ஐரோப்பா சதுக்கம் என்றிருந்த இடத்துக்கு 2020-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, விடுதலை மற்றும் மனித மாண்புச் சதுக்கம் என்று பெயர் மாற்றினார்கள். மதியம் செபுஜென் சாப்பிடுங்கள்: மீனும் காய்கறியும் தக்காளியும் சேர்த்து நொய்யரிசியில் ஆக்கும் சோறு. அந்த நொய்யில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்து போவது.

குண்டா கிண்டே தீவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான்கு நாள் கணக்குக்கு அது என் தேர்வு அல்ல. ஆனால் டக்காரிலிருந்து சாலை வழியாகப் போகக்கூடியது அது ஒன்றுதான். எல்லை தாண்டி காம்பியா ஆற்றின் வடகரைக்கு வந்துவிட்டால், தென்கரைத் தலைநகர் பாஞ்சுலுக்குப் போகாமலேயே ஜுஃபுரே, அல்பிரேடா கிராமங்களை அடையலாம். எல்லையில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாததால் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அல்பிரேடாவிலிருந்து மரப்படகில் தீவு.

அங்கே இருப்பது உடைந்த கோட்டைச் சுவர், சில பீரங்கிகள், பாவோபாப் மரங்கள். அவ்வளவே. 1651-இல் கூர்லாந்து என்ற குறுநாட்டின், அதாவது இன்றைய லாத்வியாவின் ஒரு பகுதியின், கோமகன் கட்டிய கோட்டை. 1661-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1779-இல் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள். ஆறு அரித்து அரித்து, கோட்டை இயங்கிய காலத்தில் இருந்த தீவில் ஆறில் ஒரு பங்குதான் இன்று மிச்சம். 2003-இல் இதுவும் சுற்றியுள்ள இடங்களும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

இந்தத் தீவின் இன்றைய பெயர் ஒரு நாவலால் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1976-இல், தன் மூதாதை குண்டா கிண்டே ஜுஃபுரே கிராமத்தில் பிடிக்கப்பட்டு 1767-இல் கப்பலேற்றப்பட்டதாக எழுதினார். அந்த வம்சாவளி ஆவணத்தில் நிற்கவில்லை என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆனாலும் வேர் தெரியாத லட்சக்கணக்கான கறுப்பின அமெரிக்கர்களுக்கு, நம்முடைய ஊர் என்று ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணத்தைக் கொடுத்தது அந்தக் கதை. ஜுஃபுரேயில் கிண்டே குடும்பத்தார் இன்றும் வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். மற்ற இரண்டு தீவுகளிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றிப் பேச, விட்டுப்போன ஊரின் மக்கள். அதற்காகவே ஒருவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். கிராமத்தில் பிள்ளைகள் கை நீட்டுவார்கள். அவர்களுக்குக் காசு கொடுப்பதைவிட, ஊர்ப் பெரியவரிடம் முறையாகக் காணிக்கை கொடுப்பது நல்லது. வறுமையைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்வதற்கு அது இடமல்ல.

இப்போது பன்ஸ். என் மனம் சாய்வது இதன் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

ஃப்ரீடவுனுக்கு டக்காரிலிருந்து விமானம்தான் வழி. விமான நிலையம் லுங்கியில், ஆற்றுமுகத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து நகருக்கே பெரும்பாலும் படகில்தான் போகிறார்கள். மறுநாள் பன்ஸுக்கு விசைப்படகு அமர்த்த வேண்டும். பகிர்ந்துகொள்ள நாலு பேர் கிடைத்தால் தேவலை, தனியாள் என்றால் செலவு கையைக் கடிக்கும். கோரேயின் எட்டு யூரோவோடு இதை ஒப்பிடவே முடியாது. படகுக்காரரிடம் உயிர்காப்பு உடுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து ஏறுங்கள். அங்கே கடை இல்லை, குடிநீர் இல்லை, குடியிருப்பு இல்லை. கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள். முழங்கால் சரியில்லாதவர்களும் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களும் கோரேயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கரையேறி மரங்களுக்கு நடுவே நடந்தால் கோட்டைச் சுவர் எழுந்து நிற்கிறது. வேர்கள் பிளந்த கல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை பொறித்த பீரங்கிகள். கம்பெனி அதிகாரிகள் வாழ்ந்த மாளிகையின் பின்சுவரை ஒட்டியே ஆண் அடிமைகளை அடைத்த மதில் முற்றம். அதையடுத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறு முற்றம். சன்னலைத் திறந்தால் அவர்கள் முகம் தெரியும் தூரம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்த லண்டன் வியாபாரிகள் இரண்டு குழி கோல்ஃப் மைதானம் ஒன்றும் போட்டிருந்தார்கள். மட்டை தூக்கிய ஆப்பிரிக்கர்களுக்கு ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி உடுத்தியிருந்தார்கள். இதைக் கேட்ட இடத்தில் நான் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். அறைகளையும் சங்கிலிகளையும் பற்றிக் கேட்டபோது வராத நடுக்கம் அப்போது வந்தது.

1670 வாக்கில் ஆங்கிலேயர் இதை அமைத்தார்கள். 1807-இல் சட்டப்படி ஒழியும்வரை அடிமை வணிகம் நடந்தது. இங்கிருந்து அனுப்பப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் தென் கரோலினாவும் ஜார்ஜியாவும். அதற்கு ஒரு காரணம் நெல். சியரா லியோன் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள். சதுப்பில் வரப்பு கட்டவும், ஓதம் ஏறி இறங்குவதைப் பார்த்து மதகு திறந்து மூடவும், நாற்று நடவும், உரலில் குத்தவும், முறத்தில் புடைக்கவும் தெரிந்தவர்கள். தென் கரோலினா முதலாளிகளிடம் சதுப்பு நிலம் இருந்தது, அந்த அறிவு இல்லை. சார்ல்ஸ்டன் நகர விளம்பரங்களில் 'நெற்கரையிலிருந்து வந்தவர்கள்' என்று குறிப்பிட்டே விற்றார்கள். விவசாயி வீட்டில் பிறந்த எனக்கு இது தாங்க முடியாத செய்தி. என் அப்பாவுக்குச் சோறு போட்ட வேலை, அவர்களை விலைக்கு உள்ளாக்கிய வேலையாக இருந்திருக்கிறது.

இந்தப் பக்கத்துக் கதைகளுக்கு ஆவணம் உண்டு. 1756-இல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சியரா லியோனிலிருந்து 'ஹேர்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டாள். சார்ல்ஸ்டனில் அவளை வாங்கிய நெல் பண்ணைக்காரர் பிரிஸில்லா என்று பெயர் வைத்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதினார். அந்தக் குடும்பம் தலைமுறைகளாகக் கணக்கை விடாமல் எழுதி வைத்தது. அதனால் அந்தச் சிறுமியிலிருந்து இன்றைய சந்ததிவரை அறுபடாத காகிதத் தொடர் கிடைத்தது. 2005-இல் அவளுடைய ஏழாம் தலைமுறைப் பெண் ஒருவர் சியரா லியோனுக்கு வந்தார். நாடே திரண்டு வரவேற்றது. வாங்கியவன் தன் சொத்தைப் பாதுகாக்க எழுதிய கணக்கு, விற்கப்பட்டவளின் பேத்தியை ஊர் கொண்டுவந்து சேர்த்தது.

இன்னொரு தொடர்பும் பதிவில் இருக்கிறது. பன்ஸின் லண்டன் உரிமையாளர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட். சார்ல்ஸ்டனில் அவருக்காக ஆட்களை விற்றுக் கொடுத்துத் தரகு வாங்கியவர் ஹென்றி லாரன்ஸ். அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து 1782-இல் பாரிஸில் சமாதானம் பேசியபோது, பிரிட்டன் தரப்பில் உட்கார்ந்தவர் ஆஸ்வால்ட். அமெரிக்கத் தூதர்களில் ஒருவர் லாரன்ஸ். ஒரு நாட்டின் விடுதலைப் பத்திரம் பன்ஸ் தீவின் பழைய கூட்டாளிகள் இருவரின் மேசை மேல் எழுதப்பட்டது.

தென் கரோலினா, ஜார்ஜியா கரையோரத் தீவுகளில் வாழும் கல்லா-கீச்சி மக்கள் இன்றும் புல்லைச் சுருட்டிப் பின்னிய முறங்கள் செய்கிறார்கள். 1931-இல் மொழியியலாளர் லொரென்சோ டர்னர் ஜார்ஜியாவில் ஒரு பெண்ணிடமிருந்து பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். பாடியவருக்கே அதன் பொருள் தெரியாது. அது மெண்டே மொழியில் பெண்கள் பாடும் சாவுப் பாட்டு என்று பின்னாளில் தெரிந்தது. அதே பாட்டு சியரா லியோனின் உட்கிராமம் ஒன்றில் உயிரோடு இருப்பதையும் கண்டுபிடித்தார்கள். 1997-இல் பாடியவரின் மகள் அந்தக் கிராமத்துக்கு வந்தார். இருநூறு வருடம், ஒரு சமுத்திரம், மறந்துபோன மொழி. ஒப்பாரி மட்டும் தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

பன்ஸுக்குப் போகிறவர்கள் ஃப்ரீடவுனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்கப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று விடுதலை பெற்ற கறுப்பின மக்கள், கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பலேறி 1792-இல் உருவாக்கிய ஊர் அது. அவர்கள் வந்து இறங்கி வழிபட்டதாகச் சொல்லும் பெரிய இலவ மரம் நகர நடுவில் நின்றது. 2023 மே மாதப் புயல் மழையில் சாய்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விடுதலையானவர்கள் ஃப்ரீடவுனில் வீடு கட்டிக்கொண்டிருந்த பதினைந்து ஆண்டுகளும், அதே ஆற்றில் 30 கிலோமீட்டர் மேலே பன்ஸில் ஆள் விற்பனை நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டையும் ஒரே நாளில் ஒரே படகில் கடக்கும் அனுபவம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

பருவம் முக்கியம். சியரா லியோனில் மே முதல் அக்டோபர் வரை மழை. ஜூலை, ஆகஸ்டில் கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் பன்ஸை நினைக்கவே வேண்டாம், கோரேயோடு திருப்திப்படுங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மூன்றுமே தோது. மூன்று நாடுகளும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருப்பவை. தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம், பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டால்தான் செல்லும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விசா ஒவ்வொரு நாட்டுக்கும் தனி.

தம்பிக்குச் சொன்ன முடிவு இது. கூட்டம் முடிந்த அன்று மாலைப் படகில் கோரே போ. இரவு தங்கு. காலையில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, மதியம் சோறு சாப்பிட்டுத் திரும்பு. மறுநாள் ஃப்ரீடவுன் விமானம். அதற்கடுத்த நாள் பன்ஸ். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை டக்காரிலிருந்து போடாமல் ஃப்ரீடவுனிலிருந்தே போடு. ஒரு நாள் மிச்சமாகும். விசாவோ படகுச் செலவோ ஒத்துவரவில்லை என்றால், கோரேயில் இரண்டு இரவு தங்கு. அவசரமாக காம்பியா ஓடி, எல்லையில் பாதி நாளைத் தொலைத்து, தீவில் இருபது நிமிடம் நின்று திரும்பாதே. காம்பியாவுக்கென்று தனியாக ஒரு வாரம் வை. ஜுஃபுரேயில் பெரியவர்கள் பேசத் தொடங்கினால் பாதியில் எழுந்து வர முடியாது.

கேட்டுக்கொண்டவன் கடைசியில், "பன்ஸுல போட்டோ எடுக்கலாமாண்ணே?" என்றான். "எடுக்கலாம்டா. ஆனா அந்த ரெண்டு முற்றத்துக்கும் நடுவுல இருக்குற சுவர்ல மட்டும் முதல்ல கைய வச்சுப் பாரு, அப்புறம் எடு" என்றேன். தடுப்பூசிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கிண்டிக்குப் போகிறான்.